பலியும் மன்னிப்பும்: அக்கம்பக்கத்தார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடியில் எங்கள் தெருவில் கிறிஸ்தவ வீடு என்றால் எங்களுடையது ஒன்றுதான். ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலம் வந்துவிட்டால் யாராவது ஒருவர் வாசலில் உட்கார்ந்து கேட்பார்கள். பக்கத்து வீட்டு ஆச்சி கேட்டிருக்கிறார். மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். வேறு மதத்திலிருந்து எங்கள் குடும்பத்துக்கு வந்த மருமகளும் கேட்டிருக்கிறாள். பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான், கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவள். அவர்களுக்கு வாயால் சொன்ன பதில்களையே இங்கே எழுதியிருக்கிறேன்.

நாங்கள் கருப்பருக்குக் கிடா வெட்டுகிறோம். நீங்கள் பேசும் பலியும் அதுவும் ஒன்றுதானா?

தொடக்கத்தில் இரண்டும் ரொம்ப நெருக்கம். பழைய ஏற்பாட்டுக் கால இஸ்ரயேலர் ஆடும் மாடும் புறாவும் பலி கொடுத்தார்கள். அதில் ‘சமாதான பலி’ என்று ஒன்று உண்டு. கொழுப்பைப் பலிபீடத்தில் எரிப்பார்கள். நெஞ்சுக்கறியும் வலது தொடையும் குருக்களுக்குப் போகும். மீதியைக் கொடுத்த வீட்டார் சமைத்து, உறவோடு உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கறியைப் பங்கு போட்டு, பந்தி வைத்துப் பழகிய நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வசதி இல்லாதவர்களுக்கும் வழி இருந்தது. பாவப் பரிகாரத்துக்கு ஆடு கொண்டுவர முடியாவிட்டால் இரண்டு புறா போதும். அதற்கும் வழியில்லாதவர் கொஞ்சம் மாவு கொண்டுவரலாம். இயேசு குழந்தையாக இருந்தபோது மரியாளும் யோசேப்பும் கோயிலுக்குப் பறவைகளைக் கொடுத்ததாகத்தான் லூக்கா எழுதுகிறார். அந்த வீட்டின் நிலைமை அதிலேயே தெரிகிறது.

வருடத்துக்கு ஒருநாள் பாவம் நீக்கும் நாள். அன்றைக்கு இரண்டு வெள்ளாட்டுக் கிடாக்கள். ஒன்றைப் பலியிடுவார்கள். இன்னொன்றின் தலையில் தலைமைக் குரு இரண்டு கையையும் வைத்து, மக்கள் செய்த குற்றங்களையெல்லாம் வாய்விட்டு அறிக்கையிடுவார். பிறகு அந்தக் கிடாவை உயிரோடு வனாந்தரத்துக்கு ஓட்டிவிடுவார்கள். ஊராரின் பாரத்தை முதுகில் ஏற்றிக்கொண்டு, கண்ணுக்கு எட்டாத தூரத்துக்குப் போகிற அந்த இரண்டாவது கிடாவை நினைத்தால் எனக்கு எப்போதும் தொண்டை அடைக்கும்.

சரி, வித்தியாசம் எங்கே? நாம் நேர்த்திக்கடன் என்கிறோம். அந்தச் சொல்லிலேயே ‘கடன்’ இருக்கிறது: வேண்டினோம், கிடைத்தது, செலுத்துகிறோம். கிறிஸ்தவ நம்பிக்கையில் இது தலைகீழாகிவிடுகிறது. செலுத்த வேண்டியவர்கள் நாம், செலுத்துகிறவர் கடவுள். இயேசுவின் சாவோடு அந்தப் பழைய பலிகளெல்லாம் முடிந்துபோயின, அவர் தம்மை ஒரே தரம் கொடுத்தது எல்லாருக்கும் எல்லாக் காலத்துக்கும் போதும் என்று எபிரெயருக்கு எழுதிய நிருபம் சொல்கிறது. கி.பி. 70ல் ரோமர்கள் எருசலேம் கோயிலை இடித்த பிறகு யூதர்களிடமும் மிருக பலி நின்றுபோனது. அவர்கள் ஜெபம், மனந்திரும்புதல், தர்மம் என்று போனார்கள். அதற்கும் அவர்கள் வேதத்திலேயே வேர் இருந்தது. பலியை விட இரக்கமே வேண்டும் என்று ஓசேயா தீர்க்கதரிசி சொல்லியிருக்கிறார். நொறுங்கிய உள்ளமே ஏற்ற பலி என்று 51ஆம் சங்கீதம் பாடுகிறது.

கடவுள் நினைத்தால் ‘மன்னித்தேன்’ என்று சொல்லிவிட்டுப் போகலாமே. ஒருவர் ரத்தம் சிந்தினால்தான் அவர் கோபம் ஆறுமா?

என்னிடம் வந்த கேள்விகளில் நான் அதிகம் மதிப்பது இதைத்தான். இதைக் கேட்காமல் நம்புகிறவர்கள் கொஞ்சம் உட்கார்ந்து யோசிக்க வேண்டும் என்றுகூடச் சொல்வேன்.

இந்த ஊர் வட்டியும் முதலும் தெரிந்த ஊர். கடல் தாண்டி பர்மா, மலேயா வரைக்கும் போய்க் கொடுக்கல் வாங்கல் செய்து ஐந்தொகை எழுதிய ஊர். அதனால் கணக்கு வழியாகவே சொல்கிறேன். என்னிடம் ஒருவர் ஒரு லட்சம் வாங்கிவிட்டுத் திருப்பவில்லை. “போகட்டும், நீங்கள் தரவேண்டாம்” என்கிறேன். அந்த ஒரு லட்சம் எங்கே போனது? காற்றில் கரைந்துவிடவில்லை. அவர் தர வேண்டியதை நான் இழந்திருக்கிறேன். பேரேட்டில் ‘தள்ளுபடி’ என்று எழுதுகிற கை, அந்தத் தொகையைத் தன் நட்டத்தில் எழுதுகிறது. மன்னிப்பு இலவசமாகத் தெரிவது வாங்குகிறவருக்கு மட்டும்தான். பண விஷயத்தைவிட மானம், நம்பிக்கை, துரோகம் போன்றவற்றில் இந்த நட்டம் இன்னும் பெரிது. ஒருவர் உங்களை ஊர் முன்னால் அவமானப்படுத்துகிறார். நீங்கள் பதிலுக்குப் பதில் பேசினால் கணக்கு தீரும். பேசாமல் மன்னித்தால் அந்த அவமானத்தை நீங்களே விழுங்கியாக வேண்டும்.

சிலுவையை இப்படித்தான் நான் புரிந்துகொண்டிருக்கிறேன். கோபக்கார அப்பாவுக்கும் அடி வாங்கும் அப்பாவி மகனுக்கும் நடுவே நடந்த பேரமாக அதைச் சொல்லும் பிரசங்கங்களை நான் ஏற்பதில்லை. கிறிஸ்துவுக்குள் இருந்து உலகத்தைத் தம்மோடு ஒப்புரவாக்கினவர், அதாவது முறிந்த உறவைச் சேர்த்தவர், கடவுளே என்று திருத்தூதர் பவுல் எழுதுகிறார். நட்டத்தைத் தம்முடைய உடம்பில் ஏற்றவர், கடன் கொடுத்தவரேதான். 11ஆம் நூற்றாண்டில் ஆன்செல்ம் என்ற பேராயர் கடவுளின் மாண்புக்குச் செலுத்த வேண்டிய ஈடு என்று விளக்கினார். அவருக்கு அடுத்து வந்த அபெலார்ட், நம் கல்நெஞ்சைக் கரைக்க வந்த அன்பின் அடையாளம் என்றார். அவர்களுக்கு வெகு காலம் முந்தைய ஆதித் திருச்சபையார் பலர் சாவையும் சாத்தானையும் வென்ற வெற்றியாகப் பார்த்தார்கள். இதில் ஒரே ஒரு விளக்கம்தான் சரி என்று திருச்சபை அறிக்கையிட்டுப் பூட்டிவைக்கவில்லை.

கொலோசெயருக்கு எழுதிய கடிதத்தில் ஓர் இடம், நம் ஊர்க்காரர்களுக்கென்றே எழுதியது போல இருக்கும். நமக்கு எதிராக இருந்த ‘கையெழுத்தைக்’ குலைத்துச் சிலுவையில் ஆணியடித்தார் என்கிறது பழைய மொழிபெயர்ப்பு. கிரேக்கத்தில் அந்தச் சொல் கடன் வாங்குகிறவர் தன் கைப்பட எழுதிக்கொடுக்கும் சீட்டைக் குறிக்கும். புரோநோட்டு என்று நான் சொன்னதும் ஆச்சிக்கு உடனே புரிந்துவிட்டது. “நோட்டைக் கிழிச்சுப்புட்டாருன்னு சொல்லு டீச்சர்” என்றார்.

இயேசுவை ‘மீட்பர்’ என்கிறீர்களே, அப்படியென்றால் என்ன?

அடகுக் கடையில் வைத்த நகையை மீட்கிறோமே, அதே சொல்தான். நகை நம்முடையது, ஆனால் நம் கையில் இல்லை. யாரோ பணம் கட்டி வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். யாரிடம் கட்டினார், எவ்வளவு கட்டினார் என்று இந்த உவமையை நூல் பிடித்துக்கொண்டே போகக் கூடாது. வீடு வந்து சேர்ந்தோம் என்பதற்காகச் சொன்னது அது.

ஒரே தரம் போதும் என்றால், ஞாயிறுதோறும் கோயிலில் நடக்கும் வழிபாட்டை ஏன் ‘திருப்பலி’ என்கிறீர்கள்?

இயேசுவை ஒவ்வொரு வாரமும் புதிதாகப் பலியிடுவதாகக் கத்தோலிக்கத் திருச்சபை சொல்லவில்லை. அன்று நடந்த அதே ஒரே பலி பீடத்தில் நம் முன் நிலைப்படுத்தப்படுகிறது, நாம் அதில் சேர்ந்துகொள்கிறோம் என்பது எங்கள் போதனை. சீர்திருத்த வழியில் வந்த தென்னிந்தியத் திருச்சபைக்காரர்கள் இதைத் ‘திருவிருந்து’ என்பார்கள். வேறு பலி தேவையில்லை என்பதில் இரண்டு பேருக்கும் சண்டை இல்லை.

கர்த்தர் கற்பித்த ஜெபத்தில் சிலர் ‘கடன்’ என்கிறார்கள், நீங்கள் ‘பாவம்’ என்கிறீர்கள். எது சரி?

இரண்டும் சரி. மத்தேயுவின் கிரேக்க மூலத்தில் இருப்பது கடன் என்ற சொல். சீர்திருத்தத் திருச்சபைகளில் “எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்” என்பார்கள். லூக்காவில் ‘பாவங்கள்’ என்று வருகிறது. நாங்கள் “எங்களுக்குத் தீமை செய்பவர்களை நாங்கள் பொறுப்பதுபோல எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்” என்று சொல்கிறோம்.

இந்தப் ‘பொறுத்தல்’ எனக்கு ரொம்பப் பிடித்த சொல். பொறை என்றால் பாரம், பொறுத்தல் என்றால் சுமத்தல். அதே சொல்லுக்கு மன்னித்தல் என்றும் பொருள். திருக்குறளில் ‘பொறையுடைமை’ என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. எபிரெய மொழியிலும் இப்படித்தான். ‘நாசா’ என்ற ஒரே வினைச்சொல் தூக்கிச் சுமப்பதையும் குறிக்கும், பாவத்தை மன்னிப்பதையும் குறிக்கும். அநேகரின் பாவத்தை அவர் சுமந்தார் என்று ஏசாயா 53ல் வருவதும் அந்தச் சொல்தான். எங்கோ பாலைவனத்தில் பேசிய மொழியும் நம் மொழியும் இந்த ஓர் இடத்தில் ஒன்றாக யோசித்திருப்பதைக் கண்டுகொண்ட நாளில், வகுப்பில் பிள்ளைகளிடம் அரை மணி நேரம் இதையே பேசிக்கொண்டிருந்தேன்.

எத்தனை தடவைதான் மன்னிப்பது?

இயேசுவின் சீடர் பேதுரு ஏழு தடவை போதுமா என்று கேட்டார். ஏழெழுபது தடவை என்று இயேசு பதில் சொன்னார். 490 வரை எண்ணுவதற்காகச் சொன்னதல்ல. உடனே ஒரு கதையும் சொன்னார். ஓர் அரசருக்கு ஒருவன் பதினாயிரம் தாலந்து கடன்பட்டிருந்தான். அரசர் மனமிரங்கி முழுவதையும் விட்டுக்கொடுத்தார். வெளியே வந்தவன், தனக்கு 100 தெனாரியம் தரவேண்டிய ஒருவனின் கழுத்தைப் பிடித்து நெரித்தான்.

தெனாரியம் என்பது ஒரு கூலியாளின் ஒருநாள் சம்பளம். ஒரு தாலந்துக்கு சுமார் 6,000 தெனாரியம். கணக்குப் போட்டால் முதல் கடன் ஆறு கோடி நாள் கூலி. வருடத்துக்கு 300 நாள் வேலை செய்தால் 2 லட்சம் வருடம் ஆகும். இதைப் பெரும்பாலும் எல்லாப் பிரசங்கத்திலும் கேட்டிருப்பீர்கள். ஆனால் இரண்டாவது தொகையைப் பலரும் ‘அற்பக் கடன்’ என்று சொல்லித் தாண்டிவிடுகிறார்கள். 100 நாள் கூலி ஏழைக்கு அற்பமா? வீட்டில் மூன்று, நான்கு மாத அடுப்பு அது. நமக்கு மற்றவர்கள் செய்த தீங்கு ஒன்றுமே இல்லை என்று இயேசு சொல்லவில்லை. நிஜமான நட்டத்தைத்தான் விடச் சொல்கிறார்.

மன்னித்துவிட்டால் போலீசுக்குப் போகக் கூடாதா?

போகலாம். சில நேரம் போகத்தான் வேண்டும். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்புர் கிராமத்தில், தொழுநோயாளிகளிடையே பணியாற்றிய ஆஸ்திரேலியர் கிரகாம் ஸ்டெயின்ஸையும், வண்டியில் தூங்கிக்கொண்டிருந்த அவருடைய மகன்களையும் ஒரு கும்பல் உயிரோடு எரித்தது. பிலிப்புக்கு 10 வயது, திமொத்திக்கு 6 வயது. கொலையாளிகளை மன்னித்துவிட்டதாக மனைவி கிளாடிஸ் சொன்னார். ஊருக்கு ஓடிவிடாமல் சில வருடங்கள் அங்கேயே தங்கி அந்த நோயாளிகளைக் கவனித்தார். 2005ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஆனால் வழக்கு தன் வழியில் நடந்தது. முக்கியக் குற்றவாளி தாரா சிங்கின் ஆயுள் தண்டனையை 2011ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. கிளாடிஸ் மனதிலிருந்த பகையை இறக்கி வைத்தார், தண்டனையைச் சட்டத்தின் கையில் விட்டார். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

குடித்துவிட்டு அடிக்கிற கணவனையும் ‘பொறுத்துப் போ, உன் சிலுவையைச் சும’ என்கிறார்களே?

அப்படிச் சொல்கிறவர்கள் தவறாகச் சொல்கிறார்கள். யாராக இருந்தாலும், அங்கி போட்டவராக இருந்தாலும் சரி.

இயேசு தம் உயிரைத் தாமே கொடுத்தார். அதை என்னிடமிருந்து யாரும் பறிக்கவில்லை என்று அவரே சொல்கிறார். ஒரு பெண்ணின் எலும்பை இன்னொருவன் உடைப்பது அவள் கொடுக்கும் பலி ஆகாது, அது அவள்மேல் நடக்கும் குற்றம். அவனுக்கு நல்ல புத்தி வர ஜெபிக்கலாம், பழிவாங்க நினைக்காமல் இருக்கலாம். அதை அம்மா வீட்டில் பாதுகாப்பாக உட்கார்ந்துகொண்டும் செய்யலாம். மன்னிப்பது ஒருவர் செய்கிற காரியம். மறுபடி சேர்ந்து வாழ்வதற்கு இரண்டு பேர் வேண்டும், தவறு செய்தவன் மாறியது கண்ணுக்குத் தெரியவும் வேண்டும். உதவிக்கு 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது. கோயிலுக்கு வருகிற பெண்களிடம் ஜெபப் புத்தகத்தோடு இந்த எண்ணையும் கொடுத்து அனுப்ப வேண்டும் என்று பல வருடமாகச் சொல்லி வருகிறேன்.

சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? சீட்டுப் பணத்தை ஏமாற்றியவனும் போய் முட்டி போட்டால் போதுமா?

போதாது. குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுகிற அதை ஒப்புரவு அருளடையாளம் என்று இப்போது சொல்கிறோம். அதில் மனம் வருந்துவது, அறிக்கையிடுவது, பரிகாரம் செய்வது என்று எல்லாம் சேர்ந்திருக்கிறது. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க முடிந்தும் கொடுக்காமல் வருந்துவது வருத்தமே இல்லை. வரி வசூலித்த சக்கேயு, இயேசு வீட்டுக்கு வந்த அன்றே, யாரையாவது ஏமாற்றியிருந்தால் நான்கு மடங்காகத் தருகிறேன் என்றான். அதன் பிறகுதான், இன்றைக்கு இந்த வீட்டுக்கு மீட்பு வந்தது என்கிறார் இயேசு. காணிக்கை செலுத்த வந்த இடத்தில் உன்மேல் சகோதரனுக்கு மனத்தாங்கல் இருப்பது ஞாபகம் வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு என்றும் சொல்லியிருக்கிறார்.

பவுல் பிலேமோனுக்கு எழுதிய சின்னக் கடிதத்தையும் இங்கே படிக்கலாம். ஒநேசிமு என்ற அடிமை எஜமானரை விட்டுப் போய்விட்டான். பவுல் சிறையிலிருந்து அவனைத் திருப்பி அனுப்பும்போது, அவன் உமக்கு ஏதாவது கடன்பட்டிருந்தால் “அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்” என்று எழுதித் தன் கைப்பட உறுதி கொடுக்கிறார். கடன் இல்லை என்று மழுப்பவில்லை. ஜாமீன் நிற்கிறார்.

செய்த வினையை அனுபவித்துத்தானே தீரவேண்டும்? மன்னிப்பு என்பது அதை ஏமாற்றுவது போல இல்லையா?

ஆச்சி கேட்டது இது. விதைத்ததை அறுப்பாய் என்று பைபிளும் சொல்கிறது. இயேசுவோடு தொங்கிய கள்வனுக்கு அன்றைக்கே பரதீசு என்று வாக்குக் கிடைத்தது, ஆனாலும் அவன் சிலுவையிலிருந்து இறங்கவில்லை. குடித்துக் கெட்ட ஈரல் பாவசங்கீர்த்தனத்தால் சரியாகிவிடாது. விளைவு பல நேரம் நிற்கும். விலகிப்போன உறவு திரும்பக் கிடைக்கும், அந்த விளைவைத் தனியாகச் சுமக்க வேண்டியிராது. ஆச்சிக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. எங்கள் பேச்சு இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

ஓரியூர் அருளானந்தர் இறந்ததும் பலிதானா?

தேவகோட்டை தாண்டித் திருவாடானைப் பக்கம் போகிறவர்கள் ஓரியூர் செம்மண்ணை எடுத்து நெற்றியில் பூசிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். எந்தச் சாதி, எந்த மதம் என்று அங்கே பேதமில்லை. அருளானந்தர் என்று நாம் அழைக்கும் ஜான் டி பிரிட்டோ 1647ல் லிஸ்பனில் பிறந்தவர். மறவர் நாட்டில் காவி உடுத்தி, மரக்கறி உண்டு போதித்தார். தடியத்தேவர் என்ற பிரபு நோய் நீங்கி ஞானஸ்நானம் கேட்டார். அதற்காக ஒரு மனைவியைத் தவிர மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்ட ஒருவர் அந்த நாட்டை ஆண்ட கிழவன் சேதுபதிக்கு உறவுப் பெண். அதில் எழுந்த கோபத்தில் 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அருளானந்தரின் தலையை வெட்டினார்கள். 1947ல் அவரைப் புனிதர் என்று அறிவித்தார்கள்.

நாங்கள் இதை ‘மறைசாட்சியம்’ என்போம். இயேசுவின் பலி மற்றவர்களை மீட்டது, அருளானந்தரின் சாவு அந்தப் பலிக்குச் சொன்ன சாட்சி. இன்னொன்றும் எனக்குத் தோன்றும். குற்றம் ஏதும் செய்யாமல் ஒரே நாளில் வீட்டை விட்டு விலக்கப்பட்ட அந்தப் பெண்களின் வருத்தத்தை எந்தத் திருவிழாப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை. ஓரியூருக்குப் போகும்போதெல்லாம் அவர்களுக்காகவும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன்.

தவக்காலத்தில் 40 நாள் கறி சாப்பிடாமல் இருப்பதும் பலிதானே?

ஒறுத்தல் என்பதே சரியான சொல். திருச்சபை கட்டாயமாகக் கேட்பது குறைவு, மக்கள் பக்தியில் கூடுதலாகச் செய்கிறார்கள். மிச்சமான கறிக்காசு ஏழை வீட்டுக்குப் போக வேண்டும். வீட்டிலேயே தங்கினால் அது சிக்கனம்.

நீங்கள் யாரையாவது அப்படி மன்னித்திருக்கிறீர்களா?

இதை மருமகள்தான் கேட்டாள். அப்பா ஒரு வட்டிக்கடையில் கணக்கு எழுதியவர். நான் பள்ளியில் படிக்கும்போது ஓர் உறவினரின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டார். அவர் கட்டவில்லை. அப்பா தன் சம்பளத்தில் பல வருடம் கட்டினார். அம்மாவின் இரட்டைவடச் சங்கிலி போனது. நாங்கள் அந்த வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று வைத்திருந்தோம். அதாவது நானும் அம்மாவும். அப்பா போய்வந்துகொண்டுதான் இருந்தார்.

அவர் இறந்த பிறகு டிரங்குப் பெட்டியில் அவருடைய நோட்டைப் பார்த்தேன். அந்த உறவினர் பேரில் ஒரு பக்கம். மாதாமாதம் கட்டியது வரிசையாக இருந்தது. வரவுப் பக்கத்தில் ஒரு பைசாகூட இல்லை. அடியில் கோடு கிழித்து ‘நேர்’ என்று எழுதியிருந்தார். அம்மாவிடம் காட்டினேன். நோட்டை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். “அவருக்கு நேராயிடுச்சு. எனக்கு இன்னும் ஆகலை” என்றார். அதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை. சங்கிலி அம்மாவுடையது. அதை அவருக்குப் பதிலாக நானோ அப்பாவோ மன்னித்துவிட முடியாது. அன்றைக்குத்தான் அது எனக்கு விளங்கியது.

நான்கு வருடம் கழித்து அந்த வீட்டுப் பேத்திக்குக் கல்யாணம். பத்திரிகை வைக்க வந்தவர்களை அம்மா உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தார். கல்யாணத்தன்று காலையில், நான் கேட்காமலே, “கிளம்பு, போயிட்டு வந்துருவோம்” என்றார். மண்டபத்தில் மொய் எழுதுகிறவர் யார் பேரில் எழுத என்று கேட்டார். அம்மா அப்பாவின் பேரைச் சொல்லி, ஐநூற்று ஒன்று என்றார்.